ஆகுபெயர்

நூறு வரிக்கு இவ்வளவு காசு என்று பேச்சு.
ரோமில், சுபுராத் தெருவில், செருப்புக்கடைக்கு மேல்மாடியில்
பிறர் கவிதைகளைப் பிரதி எடுக்கிறேன்.
இன்று பொழுது ஏறுவதற்குள் நாலு இடத்தில் வல்கன்.

முதல் சுருளில் அவன் நொண்டி,
பெண்டாட்டியை வலைபோட்டுப் பிடித்த கொல்லன்.
அடுத்ததில் யார் வீட்டு அடுப்போ:
வல்கன் மேல் பயறு கொதிக்கிறது.
பிறகு ஒரு தளபதியின் சிதை.
கடைசியில் வெறும் விளக்குத் திரி;
காதலி வீட்டு வாசலில் ஒருவன்
அணைந்துவிடாதே என்று அதனிடம் கெஞ்சுகிறான்.

ஒரே பெயர். உருபுதான் மாறுகிறது:
வல்கனை, வல்கனால், வல்கனுக்கு, வல்கனே.
"தீ என்று எழுதினால் ஆகாதா?" என்று கேட்டேன் ஒருநாள்.
"தீ எல்லார் வீட்டிலும் இருக்கிறது" என்றார்
முதலாளி ஒபெல்லியுஸ், அத்திப்பழம் மென்றபடி.

என் மை விளக்குக் கரியில் குழைத்தது.
அவன் பெயரை அவன் மிச்சத்தாலேயே எழுதுகிறேன்.
இதை எந்தக் கவிஞனும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஜூலையில் எதிர்க்கட்டடம் பற்றிக்கொண்ட இரவு
நான் சன்னலில் நின்றிருந்தேன்.
ஐந்து மாடி. மரப்படி.
காடியில் நனைத்த கம்பளிகளோடு
காவல்படை வந்தது, வரவேண்டிய நேரம் போன பிறகு.
தண்ணீர் என்று கத்தினார்கள். தீ என்று கத்தினார்கள்.
நாலாம் மாடி ஹெடோனே
தெருவில் நின்று தன் மகன் பெயரைக் கத்தினாள்.
ஒருவர், ஒருவர்கூட,
வல்கன் என்று சொல்லவில்லை.

பத்தாம் நாள் வந்தது இரங்கற்பா,
கட்டடச் சொந்தக்காரரின் தூண்மண்டபத்துக்காக.
பசித்த வல்கன் பளிங்கை உண்டானாம்.
முப்பது பிரதி வேண்டும்.
இருபத்தொன்பதை ஒழுங்காக எழுதினேன்.
முப்பதாவதில், தீ.
சீர் உடைந்து வரி நொண்டியது,
அந்தக் கொல்லனைப் போலவே.
கூலியில் பிடித்துக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் அவன் திருநாள்.
டைபர் ஆற்று மீனவர்கள் பொடிமீனை உயிரோடு விற்றார்கள்.
நெருப்பில் எறிய வேண்டும், நம் உயிருக்குப் பதிலாக.
அதுவும் இலக்கணம்தான்:
விரல் நீள மீன், அதற்கு என் பெயர்.

வரிசையில் எனக்கு முன்னால் ஹெடோனே.
கூடைக்குள் ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது.
முறை வந்ததும் அவள் எறியவில்லை.
"எங்கள் வீட்டுக் கணக்கு ஜூலையிலேயே தீர்ந்தது" என்று
பூசாரியிடம் சொல்லிவிட்டு
கூடையோடு ஆற்றுப் பக்கம் இறங்கிப் போனாள்.

அடுத்து யார் என்றான் பூசாரி.
என் மீன்
கைமையில் வழுக்கிக்கொண்டே இருந்தது.