இருப்பு: ஒன்று

வெப்ப இயக்கவியல், இருப்பு ஒன்று
என்கிறது திரை.
இல்லை என்கிறது அலமாரி.
இரண்டையும் நம்பிச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

பெருந்துறையில் காலேஜ் திறந்து மூன்றாம் நாள்.
நானூற்றுப் பன்னிரண்டு ஆர்டர்.
ஈங்கூர், காங்கேயம், அந்தியூர்,
'சைசிங் மில்லுக்குப் பின்னாடி பச்சை கேட்'
என்று ஒன்று. பின்கோடு கிடையாது.
சென்னியப்பன் டேப்பைப் பல்லால் கடிக்கிறான்.
கத்தரிக்கோல் எங்கேப்பா?
"ஏதோ பார்சலுக்குள்ள போயிருச்சுங்."

கொடிவேரி, வெ. பூவிழி.
பணம் கட்டிவிட்டாள்.
குறிப்புப் பெட்டியில்,
வியாழக்கிழமை டெஸ்டுங், கொஞ்சம் பாத்து.

ரிட்டன் மூட்டையைக் கொட்டினோம்:
உடைந்த டிராஃப்டர் ஒன்று,
அளவு பத்தாத லேப் கோட்டு மூன்று.
நாலு மணிக்குக் கூரியர் ரங்கராசு வருவார்.
வண்டியை அணைக்கவே மாட்டார்.

மூன்றே முக்காலுக்கு அகப்பட்டது.
எடை மெஷின் மேசை ஆடாமலிருக்க
போன ஜூனில் யாரோ கொடுத்த முட்டு.
அட்டையில் ரூபாய் அகலத்துக்கு ஒரு குழி.

துடைத்தேன். நாற்பது ரூபாயைத் திருப்பிவிட்டேன்.
அதே மெஷினில் வைத்தேன். மேசை ஆடியது.
அறுநூற்று எண்பது கிராம்,
எழுநூற்றுப் பத்து,
மறுபடியும் அறுநூற்று எண்பது.
வெளியே ஹாரன்.
எழுநூறு என்று எழுதிக் கொடுத்தேன்.

இருப்பு பூஜ்யம்.
திரையும் அலமாரியும் இன்றைக்குத்தான் ஒத்துப்போகின்றன.

"மேசைக்கு எதையாச்சும் வையுங்,
நாளைக்கு முன்னூறு இருக்குது."

விற்காத புத்தகமாகத் தேடுகிறேன்.
இந்த வாரம் பார்த்து
எல்லாமே விற்கிறது.