மே மாதத்துச் சீட்டு

நாக்சோஸ் துறைமுகத்தில்
எட்டடி அகலக் கடை எனக்கு.
கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்:
ஆகஸ்ட் என்றால் மே மாதமே வாங்கிவிடு.
அக்டோபரா, காபி குடித்துவிட்டு மெதுவாக வா,
பாதிக் கப்பல் காலி.
விமானம் பிடிக்கிற நாளில் மட்டும் கடலை நம்பாதே;
மெல்டெமி எழுந்தால்
விரைவுப்படகு கயிறவிழ்க்காது,
பெரிய கப்பலே யோசிக்கும்.

கல்லிரோயி மே மாதமே வாங்கினாள்.
தீனோஸ் திருவிழாவுக்கு, மேல்தளத்தில், இரண்டு.
"இவருக்குக் காற்று வேண்டும்."
சிதறிய சில்லறையைப் பொறுக்க
குனிந்தவர் ஸ்த்ராதோஸ்.

ஆகஸ்ட் பதினொன்று.
கறுப்பு உடையில் தனியாக வந்தாள்.
அவள் கேட்குமுன்பே விசைப்பலகையை இழுத்தேன்:
ஒன்றை ரத்து செய்யலாம், பாதிப் பணம் வரும்,
அந்த இடத்துக்கு வாசலில் இருபது பேர்.

"வேண்டாம்" என்றாள்.
"பட்டியலில் பெயர் இருக்கட்டும்.
ஏறாதவர்களை ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்களே,
ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்."

பதினான்காம் தேதி
ஏறுபலகையைத் தூக்குமுன் கூப்பிட்டார்கள்.
குடும்பப் பெயரைத் தப்பாகப் படித்தார்கள்.

மேல்தளத்திலிருந்து ஒரு குரல்
அதைத் திருத்தியது
என் கடைவரை கேட்டது.