எழுத்துக்குக் கூலி

டெல்ஃபியில் அப்பல்லோ கோயில் மேடையைத்
தாங்கி நிற்கும் கற்சுவரைப் பார்த்திருப்பீர்கள்.
முழங்கால் உயரம் தொடங்கிக் கை எட்டும் வரை
பொடி எழுத்தில் விற்பனைச் சீட்டுகள்.
நான் வெட்டியவை மட்டும் நூற்றுப் பன்னிரண்டு.
எழுத்துக்குத்தான் கூலி. பொருளுக்கு யாரும் தருவதில்லை.

அறுவடை முடிந்த மாதம், எலாத்தியாவிலிருந்து
எவாந்திரிதஸ் வந்தார். தத்துவம் சொல்கிறவர்.
கோவேறு கழுதை மேல் அவர்,
பின்னால் மாணவர் நால்வர்,
அதற்கும் பின்னால்
சுருள்பெட்டியைத் தலையில் சுமந்தபடி அவள்.

கஸ்தாலியா ஊற்றில் கால் நனைத்துக்கொண்டே பேசினார்:
"எந்தக் குழந்தையின் தொப்புள்கொடியும்
எசமான் கையில் போய் முடிவதில்லை.
காலுக்கு விலங்கு அடிக்கிற கொல்லன்
நினைப்புக்கு இன்னும் அளவெடுக்கவில்லை.
தன் கோபத்துக்குப் பணிவிடை செய்கிறானே,
அவனல்லவா அடிமை!
இதோ, இந்தப் பெந்திதோரா
நம் எல்லாரையும்விடச் சுதந்திரமானவள்."

மாணவர்கள் மெழுகுப் பலகையில் கீறிக்கொண்டார்கள்.
பெந்திதோரா அவர் செருப்பின் ஈரத்தை
முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

நல்ல பேச்சு, பொய் சொல்லக் கூடாது.
உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

அப்புறம் சீட்டை நீட்டினார்.

"எலாத்தியாவின் எவாந்திரிதஸ் அப்பல்லோவுக்கு விற்றான்:
பெண்ணுடல் ஒன்று, பெயர் பெந்திதோரா,
இனம் திரேஸ், விலை வெள்ளி நான்கு மினா.
முழு விலையும் பெற்றுக்கொண்டான்."

கடவுள் வாங்குவார், வைத்துக்கொள்ள மாட்டார்.
எங்கள் ஊரில் விடுதலை என்பது அதுதான்.
நான்கு மினா கடவுளுடையதல்ல.
பதினாறு வருஷம்
எசமானின் விளக்கு அணைந்த பின்
சொந்த எண்ணெயில் நெய்த துணி அது.

சீட்டு அத்தோடு முடியவில்லை.

"எவாந்திரிதஸ் உயிரோடிருக்கும் வரை
பெந்திதோரா உடனிருக்கட்டும்.
சொன்னதெல்லாம் செய்யட்டும்.
செய்யாவிட்டால், விரும்பியபடி தண்டிக்க
அவனுக்கு உரிமை உண்டு.
இடையில் பிள்ளை பிறந்தால் அவனுடையது."

"ஐயா, பின்பாதி முன்பாதியைவிட நீளம்.
கூலி கூடுமே" என்றேன்.
"கூடட்டும். அது வெறும் உடலைப் பற்றியதுதானே.
அவள் கணக்கில் சேர்த்துக்கொள்."
இதை மாணவர்கள் எழுதிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் பொழுது சாய,
பாறைகள் சிவந்து அணையும் நேரத்தில்
அவள் தனியே வந்தாள்.
கல்தூளை ஊதிவிட்டு, விரலை ஓட்டி,
சன்னமாய் வாய்விட்டுப் படித்தாள்.
படிக்கத் தெரியும் என்று எனக்கெப்படித் தெரியும்?
அவருடைய சுருள்கள் அத்தனையும் அவள் கையெழுத்தாம்.
விடுதலை பற்றிய சுருள் மட்டும் ஏழு படியாம்.

"'உடனிருக்கட்டும்' என்பதில்
ஓர் எழுத்தை விட்டுவிட்டாய்."

பார்த்தேன். விட்டிருந்தேன்.
காது சுட்டது. உளியை எடுத்தேன்.

"இருக்கட்டும், விடு.
அவருக்குக் கண் மங்கி மூன்று வருஷம்.
எதையும் படித்துச் சொல்வது நான்தான்."

அவர் இன்னும் ஒன்பது குளிர்காலம் இருந்தார் என்று கேள்வி.
அந்தச் சுருள் கொரிந்துவில் நன்றாக விற்கிறதாம்.
அவள் என்ன ஆனாள் என்று
கழுதைக்காரர்கள் யாரும் சொல்லவில்லை.
நானும் ரொம்பக் கேட்கவில்லை.

ஆனால் அன்று இரவு,
உளிகளைத் தீட்டிக்கொண்டிருந்த பையன்,
என் பையன்தான், சந்தையில்
அரை மினா குறைத்து வாங்கினேன்,
தலை நிமிராமல் கேட்டான்:
"எழுத்துக்கு எவ்வளவு?"

சிரித்தேன். "உனக்கென்ன,
லூதோஸ், ஐந்தே எழுத்து."

சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்தான்.
மறுபடி தெளித்தான்.

"என் பெயர்
அதைவிட நீளம்."