அட்டைப்படம்

பம்மல் தாண்டி
கல் உடைப்பதை நிறுத்தி இருபது வருடமான குழிக்குள்
காலை ஐந்தே முக்காலுக்கு இறங்குகிறோம்.
மலையேறுகிறவர்களின் பத்திரிகைக்குப் படம் எடுக்க
சென்னையில் முதலில் இறங்க வேண்டியிருக்கிறது.

மலை இங்கேதான் இருந்தது.
இப்போது அது வேளச்சேரியில் ஒரு நாலாவது மாடி,
தாம்பரத்தில் பாலத்தின் கைப்பிடிச் சுவர்,
என் வீட்டுக் குளியலறைத் தரை.
மிச்சம் இருப்பது
அதைப் பிய்த்தெடுத்த ஓரம்.
பதினெட்டு மீட்டர். டேப் பிடித்து அளந்தேன்.
"இருபதுன்னு போட்டுக்கலாமே" என்றார் ஆசிரியர் புவனேந்திரன்.
போடவில்லை.

டெல்மா சாக்பீஸ் பொடியில் கையைத் தோய்க்கிறாள்.
கீழே கயிறு பிடிப்பவர் காஜா மொய்தீன்,
அண்ணா நகரில் லிஃப்ட் மெக்கானிக்.
மாடிக்கும் மாடிக்கும் நடுவே நின்றுபோன பெட்டிகளை
வாரம் முழுக்கத் திறந்துவிட்டு
ஞாயிற்றுக்கிழமை ஒருத்தியை
விழாமல் பார்த்துக்கொள்ள வருகிறார்.

நான் மேலிருந்து இன்னொரு கயிற்றில் தொங்குகிறேன்.
ஹார்னஸ் தொடையை அறுக்கிறது.
லென்ஸ் மூடியைப் பல்லில் கடித்திருப்பதால்
"கொஞ்சம் இடது பக்கம்" என்பது
"ஒஞ்சம் இஅது அக்கம்" என்று போய்ச் சேர,
சிரித்தவளின் கால் நழுவிவிட்டது.

கயிறு விறைத்தது.
காஜா ஓரடி மேலே தூக்கப்பட்டு
ஒற்றைச் செருப்பைத் தரையில் விட்டுத் திரும்பி வந்தார்.
யாரும் எதுவும் பேசவில்லை.
மீனம்பாக்கத்தில் இறங்கப்போகிற விமானம் ஒன்று
எங்களுக்கும் சேர்த்துக் கத்திவிட்டுப் போனது.

மறுபடி.

பாறையில் மேலிருந்து கீழாக
பாதியாக அறுத்த குழாய் மாதிரித் தடங்கள்,
வெடிவைக்கத் துளைத்தவை.
அதில் ஒன்றின் அடியில்
நடுவிரலையும் மோதிர விரலையும் செருகி
மொத்த உடம்பையும் அவற்றை நம்பி விடுகிறாள்.
மருந்து இருந்த இடத்தில் விரல்.
அழுத்தினேன், அழுத்தினேன்.
பதினோராவது படத்தில் வெயில்
அவள் முழங்கை வரை வந்து நின்றிருந்தது.

ராத்திரி எழுத உட்கார்ந்தால்
சொல் அகப்படவில்லை.
விரல் நுனி மட்டும் படுகிற பிடிக்குப் பெயர் என்ன?
'கிள்ளுப்பிடி' என்று எழுதினேன்.
புவனேந்திரன் அடித்துவிட்டு 'நுனிப்பற்று' என்றார்.
டெல்மாவுக்குப் போன் போட்டோம்.
"அங்க தொங்கறப்ப
'ஐயோ'ன்னுதான் வாயில வரும்,
அதையே போடுங்க."

ராயப்பேட்டையில் டயர் கடைக்கு மேலே
'செங்குத்து' காலாண்டிதழ் அலுவலகம்.
அறுநூறு பிரதி. எழுதியவருக்குச் சன்மானம் இரண்டு பிரதி.
திரையில் என் படம் முழுசாக விரிந்தது:
எதிர்ப் பாறையில் யாரோ உலர்த்திய ஊதாச் சேலை,
ஒரு தண்ணீர் லாரியின் முதுகு,
இடது மூலையில் அண்ணாந்த காஜா, வாய் திறந்து.
"மலை மாதிரி இருக்கணும் சார்" என்று
புவனேந்திரன் நான்கு பக்கமும் வெட்டினார்.
சேலை போயிற்று. லாரி போயிற்று.
வெட்டிய பிறகு அது எந்த ஊர்ப் பாறையாகவும் இருக்கலாம்,
டெல்மாவை யாரும் பிடித்திருக்கவில்லை.
நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

படக்குறிப்புக்கு ஒரு வரி தருவார்கள்.
பாறையின் பெயருக்கும் உயரத்துக்கும்
என் பெயருக்குமான வரி.
என் பெயரை எடுத்துவிட்டு
'கயிறு: காஜா மொய்தீன்' என்று போட்டேன்.

என் இரண்டாவது பிரதியை அவரிடம் கொடுக்கப்போனபோது
திருமங்கலத்தில் ஒரு அடுக்ககத்தின் லிஃப்ட் பள்ளத்தில்
நெற்றி விளக்கோடு நின்றிருந்தார்.
கையைத் துடைத்துவிட்டு வாங்கினார்.
குறிப்பைப் படிக்கவில்லை.
அட்டையின் கீழ் ஓரத்தில்
கயிறு படத்தைவிட்டு வெளியேறுகிற இடத்தில்
கிரீஸ் படிந்த விரலை வைத்து
வெகுநேரம் பார்த்தார்.

"இங்க கொஞ்சம் தொய்வா விட்டிருக்கேன் பாருங்க"
என்றார்.