ஆம், என்னுடையதுதான்

விற்று ஏழு வாரம் கழித்து
என் பழைய ஃபோனிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல்:
சிம் மாற்றப்பட்டுள்ளது. பூட்டிவிட்டேன்.

திபிலிசி ரயில் நிலையத்துக்கு அடியில்
சார்ஜர் வயர்கள் கொடிபோல் தொங்கும் கடையில்
நூற்றைம்பது லரிக்குக் கொடுத்தது அது.
ஹீட்டர் ரிப்பேருக்குச் சரியாய்ப் போயிற்று.
படங்களை அழித்தேன், எண்களை அழித்தேன்,
விரிசல் விட்ட மூலையை ஜாக்கெட் கையால் துடைத்தும் கொடுத்தேன்.
அவனை மட்டும் மறந்தேன்.

ருஸ்தாவி மினிபஸ்ஸில் பை பறிபோன கோபத்தில்
அடுத்து வாங்கிய ஃபோனுக்குள் நான் வைத்த காவல்காரன்.
ஐகான் கிடையாது, முகம் கிடையாது.
எல்லாவற்றையும் துடைத்தாலும் துடைபடாமல்
அடிவயிற்றில் குந்தியிருப்பான்.
மூன்று முறை தப்பான எண் விழுந்தால்
சத்தமில்லாமல் படம் பிடித்து அனுப்புவான்.

அனுப்பினான்.
தலைப்பு: திருடன் அகப்பட்டான்.
படத்தில், வெயிலில் தோல் உரிந்த ஒரு மூக்கு,
அதற்கு மேலே கம்பளித் தொப்பி,
தொப்பிக்கு மேலே மலை.
அடுத்த திருடனுக்கு ஆறு வயதிருக்கும்,
முன்பல் இரண்டும் இல்லை.
அதற்கடுத்தது செம்மறியின் பாதி முகம்.
கணக்குப்படி அதுவும் திருடன்தான்.

அப்போதே நீக்கியிருக்கலாம்.

உரத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் எனக்கு.
பத்து வருடமாய் ஒரே எண்ணைக் காட்டும் அழுத்தமானிகளுக்கு எதிரே
அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.
ஒமாலோ.
இரண்டு நாள் ஒன்றுமில்லை.
பிறகு அபானோ கணவாயின் வளைவுகளில்
நடை வேகத்தில், சில சமயம் அதைவிட மெதுவாக.
செப்டம்பர் கடைசி, மந்தை இறங்குகிறது.
நான் போயே இராத பாதையில்
என் பெயர் போட்ட ஒன்று போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு ராத்திரி மூன்று மணிக்கு
'அலாரம் ஒலிக்கட்டுமா?' என்பதை அழுத்தினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான், என்று
மேலாளரிடம் சொல்வதுபோல எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் யாரோ ஒருவரின் எண்ணிலிருந்து அழைப்பு.
"லமாராதானே? பூட்டின திரையில உங்க நம்பர் இருந்துச்சு.
என் பேரு எலிஸ்பார். நான் திருடன் இல்லீங்க.
ரசீது இருக்கு, கொஞ்சம் நனைஞ்சிருக்கு.
டார்ச்சாவது எரியுதேன்னு கூடவே வச்சிருந்தேன்.
ராத்திரி அது கத்தினதுல மந்தை கலைஞ்சுபோச்சு.
மூணு ஆட்டைக் காணோம். ரெண்டு கிடைச்சிருச்சு."
கோபமே இல்லாத குரல்.
கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கொஞ்சம் கத்தியிருப்பேன்.

கடவுச்சொல் நினைவில்லை.
ரகசியக் கேள்வி: உங்கள் முதல் நாயின் பெயர்?
நான் நாய் வளர்த்ததில்லை.
எதிர்வீட்டு நாயின் பெயரைப் போட்டேன். திறந்தது.
நீக்கு, என்று அழுத்தினால் காவல்காரன்
கடைசியாக ஒன்று கேட்கிறான்:
இந்தக் கருவி உங்களுடையதுதானா?

இல்லை என்றால் கதவு சாத்திக்கொள்ளும்.
கையை விட்டு விடுவதற்கு
முதலில் என் கையில் இருப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும்.
அங்கே எலிஸ்பார் காத்திருக்கிறான்,
இரவல் ஃபோன், அதிலும் சார்ஜ் எவ்வளவு இருக்கிறதோ.
ஆம், என்னுடையதுதான்.

புள்ளி அணைந்தது. மலை அப்படியே இருந்தது.

"பூட்டு போயிடுச்சுங்க" என்றான்.
"ஆனா ப்ளூடூத்துல இன்னும் லமாரான்னுதான் காட்டுது."
மாற்றிக்கொள்ளுங்கள், என்றேன்.
"ஆகட்டும். ஒண்ணும் அவசரமில்ல."
பின்னால் கழுத்து மணிகள், ஒரு நாய், காற்று.

மூன்றாவது ஆட்டைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன்.
சிக்னல் போய்விட்டது.
இப்போது எந்த வளைவில் இருக்கிறான் என்று பார்க்க
என்னிடம் ஒன்றும் இல்லை.