நடுத்துண்டு

காசிமேட்டில் ஏலம் முடிந்து
வஞ்சிரம் இறங்கிய தராசில்
நான் ஏறி நின்றேன்.
ஐம்பத்தெட்டு.
"குடலோடயா, கழுவியா?" என்றாள்
பக்கத்துக் கூடை பிரமிளா.

கிலோவுக்கு ஒன்றரை கிராம், அதற்கு மேல் கொஞ்சம்
என்று சொல்லியிருந்தாள் ஹேமாவதி,
கொருக்குப்பேட்டையில்
கார் ஷெட்டை ஜிம் ஆக்கியவள்,
என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவள்,
"முதுகை வளைக்காதக்கா" என்று
தெருவுக்கே கேட்க அதட்டுகிறவள்.
கொஞ்சம்னா எவ்ளோ?
"ஒண்ணு புள்ளி ஆறு."
இருபது வருஷமாகக் கொசுறு போடுகிறேன்.
புள்ளிக்குப் பின்னால் இருப்பது எனக்குப் புரியும்.

ஐஸ் சீட்டின் முதுகில் பெருக்கினேன்.
தொண்ணூற்று மூன்று கிராம் புரதம்
ஒரு நாளைக்கு
எனக்கு.

அந்தக் கடைசிச் சொல்லில் பேனா நின்றுவிட்டது.

சரி, நேற்று என்ன தின்றேன்?
விடியலில் டீ, அதில் முக்கிய பொறை.
மத்தியானம் சோறு, குழம்பு,
மத்தியின் தலை.
ராத்திரி அடிச்சோறு,
சட்டியை வழித்த மசாலா.
சோற்றிலும் கொஞ்சம் இருக்கிறதாம்,
ரேஷன் அரிசி இத்தனை நாள்
என்னிடம் சொல்லவே இல்லை.
எப்படிக் கூட்டினாலும் முப்பத்தாறைத் தாண்டவில்லை.

அந்த முப்பத்தாறில்தான்
துறைமுகத்திலிருந்து தண்டையார்ப்பேட்டை மார்க்கெட் வரை
ஐஸ் பெட்டி தூக்கினேன்,
ரெண்டு பிள்ளை சுமந்தேன்.
அப்போ இவ்ளோ நாளா எங்கேருந்து வந்துச்சு?
ஹேமாவதி தட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்:
"எங்கேருந்தாவது எடுத்திருக்கும்க்கா.
உன்கிட்டேருந்தே."

என் தொடையைப் பார்த்துக்கொண்டேன்.
கடன் கொடுத்தவளைப் பார்ப்பது போல.

மகன் ஜெரால்டு டப்பா வாங்கி வந்தான்.
மூவாயிரத்து இருநூறு, சாக்லேட் வாசனை,
உள்ளே குட்டிக் கரண்டி.
கிலோவுக்கு மூணு கிராம் வேணுமாம்.
நாற்பது கிலோ கம்பியில் கை நடுங்குகிறது,
ஆனால் கரண்டி நடுங்கவில்லை.
அளவு தாண்டினால் சதை ஆகாது என்றாள் ஹேமாவதி.
எனக்கு உடனே விளங்கிவிட்டது:
கூடை நிறைந்தபின் கொட்டும் மீன்
தரைக்குத்தானே.

அன்று ராத்திரி
அடிபட்டு விலைபோகாத வஞ்சிரம் ஒன்று.
ஆறு துண்டு. யாருக்கு எது என்று
அரிவாள்மணைக்கே மனப்பாடம்:
வயிற்றுப் பக்கம் அவருக்கு,
நடுத்துண்டு ஜெரால்டுக்கு,
வாலுக்கு முந்தியது சின்னவளுக்கு,
தலை, வால், முள்ளோடு பேச்சு எனக்கு.
நூறு கிராமுக்கு இருபது
என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு
நடுத்துண்டை என் தட்டில் வைத்தேன்.
பக்கத்தில் ரெண்டு முட்டை.

"அது என்னுது இல்லையா?" என்றான் ஜெரால்டு.
"உனக்கு டப்பா கீது."
அவர் சிரித்தார்.
அப்புறம் சிரிக்கவில்லை.
குழம்பை என் பக்கம் நகர்த்திவிட்டு
டிவி சத்தத்தைக் குறைத்தார், எதற்கென்று தெரியாது.
முள்ளில்லாத இடத்தைத் தின்பது
எனக்குப் பழக்கமில்லை.
நாக்கு முள்ளைத் தேடிக்கொண்டே இருந்தது.

மூணு மாசம்.
செவ்வாய்க்கிழமை அறுபது கிலோ
தரையை விட்டு எழும்பியது.
என்னைவிட ரெண்டு கிலோ கூட.
ஷட்டரில் சாக்பீஸால் எழுதினாள் ஹேமாவதி,
அந்த ஒன்பதாம் எழுத்தில்லாத
என் பெயரைத் தப்பாக.

மறுபடி தராசு. அதே ஐம்பத்தெட்டு.
"ஒண்ணும் ஏறலியே" என்ற பிரமிளா
என் மேல்கையை அமுக்கிப் பார்த்தாள்,
செவுள் தூக்கிப் பார்க்கிறவள் மாதிரி.
ஒன்றும் சொல்லவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு அவளும் ஏறினாள்.

எழுபத்தொன்று.
சீட்டைத் திருப்பிப் பெருக்கினேன்.
நூற்றுப் பதிமூன்று, கொசுறு தனி.

"எங்க வூட்ல
அத்தினி நடுத்துண்டே கெடயாதே" என்றாள்.

அடுத்த வாரம் தடைக்காலம்,
படகெல்லாம் கரையில்.
அவள் எண்ணுக்குக் கீழே எழுதினேன்:
வேர்க்கடலை. மீல்மேக்கர். முட்டை.
அதற்கும் கீழே,
அடிக்கோடு போட்டு:
மொதல்ல நீ சாப்டு.