ஆறாவது காலம்

தேன்கனிக்கோட்டை தாலுகா ஆபீசில்
அப்போது நான் தற்காலிக எழுத்தர்.
எழுபத்தேழு, மாசி மாதம்.
பேரேட்டில் கோடு போட்ட கட்டத்தைக்
காலம் என்றுதான் சொல்வோம் நாங்கள்.
அதில் ஐந்து காலம்:
வரிசை எண், பெயர், ஊர், வாங்கிய கடன்,
விடுவித்த தேதி.

கெம்பம்மா வந்தாள்.
காலில் செருப்பில்லை. இடுப்பில் சுருக்குப்பை.
மேசைமேல் கவிழ்த்தாள்:
புளியங்கொட்டைகள்.
கொட்டைக்கு ஓர் ஆள்.
கீறினது ஆண், கீறாதது பெண் என்றாள்.
அஞ்செட்டிப் பக்கம் பதினெட்டு ஊர்,
ராகி அறுப்பில் அரிவாளோடும்
அறுப்பில்லாத நாளில் வெறுங்கையோடும்
நடந்து எண்ணியிருக்கிறாள்.

கீறல் நாற்பத்தொன்று.
என் பேரேட்டிலும் நாற்பத்தொரு பெயர்.
கணக்கு சரி என்றேன்.
மீதியை விரலால் என் பக்கம் தள்ளி
"இதுங்க?" என்றாள்.

நூற்றெண்பது ரூபாய்க்கு
ஜீதம் போனவன் சிக்கண்ணன்.
சட்டம் அவன் கடனைக் கிழித்துவிட்டது.
அவன் பெண்சாதி பதினோரு வருஷம்
அதே தொழுவத்தில் சாணி அள்ளினாள்,
பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள்
பண்ணைவீட்டு எந்திரக்கல்லைச் சுற்றினாள்.
அவள் பெயரில் கடன் கிடையாது.
கடனே இல்லாதவளை
எந்தக் காகிதத்தில் விடுவிப்பது?

"அதுக்கு ரூல் இல்லம்மா."
"அப்ப இது என்ன?"
மேசையில் கிடந்த ரூல் தடியைக் காட்டினாள்.
விளையாட்டாகச் சொல்லவில்லை.

தாசில்தார் முகாமுக்குப் போயிருந்தார்.
சிவப்பு மசியில் இன்னொரு கோடு இழுத்தேன்.
கீழே வர வரக் கோணிக்கொண்டே போனது.
தலைப்பில் எழுதினேன்: உடன் உழைத்த பெண்.

மல்லம்மா. புட்டம்மா. ஈரக்கா.
மூன்று பேருக்கு அவளுக்கே பெயர் தெரியவில்லை.
'சிக்கண்ணன் பெண்சாதி' என்று நான் தொடங்க
பேனாவோடு என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.
"இரு. கேட்டுட்டு வரேன்."
போக பன்னிரண்டு மைல், வர பன்னிரண்டு.
மறுநாள் உச்சிவேளையில்
வாசற்படியிலிருந்தே கூவினாள்:
"துளசம்மா!"

அந்தத் துளசம்மாவின் புருஷன்
விடுதலைக் காகிதத்தை மடித்து
பெட்டியில் வைத்துக்கொண்டு
கெம்பம்மாவிடம் கேட்டானாம்:
"என் பொம்பளைக்குத் தனிக் காகிதம் எதுக்கு?
ஓடிப்போகவா?"
பண்ணைக்காரர்களின் கோபம்கூட எனக்குப் புரிந்தது.

பங்குனியில் என் வேலை போனது.
சித்திரையில் கிணற்றடியில் அவளை அடித்தார்கள்.
இடது மணிக்கட்டு அதன்பிறகு திரும்பவில்லை.
அந்தக் கையோடுதான்
கடலைக்காட்டு வரப்பில் நின்றிருக்கிறாள்,
ஆணுக்கு அளந்த வள்ளத்தாலேயே
பெண்ணுக்கும் அளந்து போடு என்று.
சில காட்டில் அளந்தார்கள்.
சில காட்டில் மறுவருஷம்
பெண்களைக் கூப்பிடவேயில்லை.
அதற்கும் அவளைத்தான் திட்டினார்கள்.

அப்போது எல்லாம் தர்மபுரி மாவட்டம்.
இப்போது கிருஷ்ணகிரி.
பழைய பேரேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்களாம்.
போய்க் கேட்டேன்.
ஐந்து காலம்தான் இருக்கிறது ஐயா,
ஓரத்தில் ஏதோ சிவப்புக் கறை என்றான் பையன்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்.
அன்று சாயங்காலம் கொட்டைகளை
எண்ணி எண்ணிப் பைக்குள் போட்டாள்.
ஒன்று குறைந்தது.
மேசைக்கடியில் நான் குனிந்து தேடினேன்,
பெஞ்சை நகர்த்தினேன்.
அவள் புருஷன் கடனோடு பெங்களூருக்கு ஓடியவன்.
எந்தப் பட்டியலிலும் அவன் இல்லை,
அவன் கடனுக்கு உழைத்தவளும் இல்லை.
"விடு சாமி, அது நான்தான்" என்று
சுருக்கை இழுத்துக் கட்டினாள்.
கடைசி பஸ் போயிருந்தது.